வீட்டில் இருப்பவன்

கணக்கு ஓர் ஆளால் இடித்தது.

“உடன்பிறந்த நாங்கள் மூவரும்” என்று அந்தச் சாசனம் தொடங்கியது. கீழே பெயர்கள் இரண்டுதான் இருந்தன. ரொட்லிண்ட் என்ற பெண், ரொட்கார் என்ற அவள் தம்பி. சத்தியபாமா லத்தீன் வரியில் விரல் வைத்து இன்னொரு தடவை வாசித்தாள். மூவர்தான், சந்தேகமில்லை. மூன்றாமவனுக்குரிய இடத்தில் “என் மூத்த சகோதரனும்” என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை.

1976ஆம் ஆண்டு தை மாதம். ஆஸ்திரேலியப் புறநகரான நோபல் பார்க்கில் அன்று கோடை வெயில் நாற்பது பாகையைத் தாண்டியிருந்தது. வடக்கிலிருந்து வீசிய காற்று காய்ந்த யூகலிப்டஸ் இலையின் தைல மணத்தையும் எங்கோ எரிகிற புல்லின் புகையையும் சேர்த்துச் சுமந்து வந்து, இழுத்து மூடியிருந்த ஜன்னல் பட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது. குளிர்ப்பெட்டி முனகியது. டாண்டினோங் போகிற ரெயில் கடக்கும்போதெல்லாம் குசினி மேசையில் அடுக்கியிருந்த இரண்டாயிரம் அட்டைகளும் மெல்ல நடுங்கின. ஒவ்வோர் அட்டையிலும் இடைக்கால ஐரோப்பாவின் ஒரு பிராங்கியப் பிரபுவோ பிரபுவின் மனைவியோ இருந்தார்கள். எல்லோரும் செத்து ஆயிரத்து நூறு வருடம். எல்லாம் அவள் கையெழுத்து.

புத்தகம் அவளுடையதல்ல. அவள் கணவர் விக்னராஜா பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளர். மியூஸ் ஆற்றங்கரையில் அரசனிடம் நிலம் பெற்று எழுந்து, நாலு தலைமுறை ஓங்கி, பிறகு தேய்ந்து அழிந்துபோன ஒரு பிரபுக் குடும்பத்தின் வம்சாவளியை அவர் எழுதிக்கொண்டிருந்தார். அவரும் அவளும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. லத்தீனில் அவள் முதலாவது, அவர் நாலாவது. புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. அவளுக்கு அவர் கிடைத்தார்.

அந்தக் குடும்பத்தை அவளுக்குப் பிடித்திருந்தது. தகப்பன் பெயரின் முன்பாதியையும் தாய் பெயரின் பின்பாதியையும் ஒட்டிப் பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள்; செத்தவர் பெயரை அடுத்துப் பிறப்பதற்குப் போடுவார்கள். பேரன் என்றாலே பெயரன்தானே என்று அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள். பெயர்தான் அவர்களுக்குச் சொத்து. மடத்தில் ஒரு நினைவேடு வைத்திருந்தார்கள். குடும்பத்தில் இருப்பவர், இறந்தவர் பெயரெல்லாம் அதில் எழுதி, நாள்தோறும் பூசையில் வைத்து வேண்டுவார்கள். ஏட்டில் பெயர் இருக்கும்வரை கடவுள் அந்த ஆளை மறக்கமாட்டார் என்று நம்பினார்கள்.

சத்தியபாமா நினைவேட்டின் நிழற்படத்தை எடுத்து ஜன்னலோரம் பிடித்து லென்ஸை வைத்தாள். ரொட்லிண்டின் பெயருக்கு மேல் ஒரு வெற்றிடம். அந்த இடத்தில் ஏட்டின் ஆட்டுத்தோல் பஞ்சுபோல் பொருமியிருந்தது. யாரோ கத்தி நுனியால் பொறுமையாக, ஓர் எழுத்துக்கூடத் தப்பாமல் சுரண்டியிருந்தார்கள். அந்த ஏடு பதினொரு வருடம் யார் கையில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். மடத்தின் தலைவி ரொட்லிண்ட். அண்ணனைவிடப் படித்தவள். அண்ணன் கையெழுத்துப் போட்ட கடிதங்களையெல்லாம் எழுதிக் கொடுத்தவள்.

அவளை யாரும் சத்தியபாமாவுக்கு விளக்கத் தேவையிருக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு விக்னராஜா வியர்த்துக் களைத்து உள்ளே வந்தார்.

“இஞ்சாருங்கோ, உங்கட மூத்தவனைக் கண்டுபிடிச்சிட்டன். தங்கச்சிக்காரிதான் அவன்ர பேரைச் சுரண்டிப்போட்டாள்.”

“ரொட்லிண்டோ? சும்மா விசர்க்கதை கதையாதையும்.”

“லென்ஸை வைச்சுப் பாருங்கோவன்.”

அவர் நெடுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகம் குழந்தையைப்போல் மலர்ந்திருந்தது. “பாமா, நீர் பொல்லாத கெட்டிக்காரி! என்ர அஞ்சாம் அத்தியாயம் முடிஞ்சுது.”

என்ர. அவள் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தாள்.

இரண்டு கிழமை கழித்து வரலாற்றுத் துறையில் ஒரு தேநீர் விருந்து. அவள் பக்கத்திலேயே நிற்க, லென்ஸை வைத்த கணம் எப்படி உடல் சிலிர்த்தது என்று விக்னராஜா எல்லோருக்கும் சொன்னார். தான் வைத்ததாகவே சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற உணர்வுகூட அவரிடம் இல்லை. அவருக்கு அது அப்படியே நினைவிருந்தது. துறைத் தலைவர் பேராசிரியர் ஹாலோரன் அவள் பக்கம் திரும்பி, “நீங்கள்தான் டைப் செய்து கொடுக்கிறீர்களாமே! இப்படி மனைவி வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்” என்றார்.

காரில் திரும்பும்போது விக்னராஜா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். “அவையளுக்கு ஒவ்வொண்டாய் விளங்கப்படுத்திக்கொண்டிருக்க ஏலுமே, பாமா? வீட்டில எங்களுக்குத் தெரியும்தானே.”

வீட்டில். அந்தச் சொல் அன்றிரவு முழுக்க அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்தது. பக்கத்தில் அவர் அயர்ந்து தூங்கினார். நல்ல மனிதர். குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார், அவள் சமையலைக் குறை சொன்னதில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

மாசி மாதம் அச்சகத்துக்கு அனுப்பவேண்டிய பிரதி முடிந்தது. முன்னுரையின் கடைசி வரியை ஒரு முற்பகலில் அவள் டைப் அடித்தாள். ‘இந்தப் பிரதியைப் பொறுமையுடன் தட்டச்சு செய்து தந்த என் மனைவிக்கு நன்றி.’

மனைவிக்குப் பெயரில்லை.

எழுத்துப் பிழை விட்டால் சுரண்டுவதற்கென்று பாதியாக ஒடித்த சவர அலகு ஒன்றை டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். முதல் பக்கத்தை எடுத்தாள். தலைப்புக்குக் கீழே அவர் பெயர். ஆங்கிலத்தில் பத்து எழுத்து. கடைசி எழுத்திலிருந்து தொடங்கினாள். சிர்க், சிர்க் என்று அலகு தாளை வருடும் சத்தம் அந்த வீட்டில் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மைத்தூள் மேசையில் கரும் மாவாகப் படிந்தது. வாயால் ஊதினாள். பொருமிய இடத்தில் தன் பெயரை அடித்தாள். மை சற்றே கசிந்து எழுத்துகள் தடித்து நின்றன. பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது!

சும்மா ஒரு தடவை பார்க்கத்தான். மாலைக்குள் புதுத்தாள் போட்டுத் திரும்ப அடித்துவிடலாம் என்றுதான் எண்ணினாள். ஆனால் விக்னராஜா அன்று மதியமே வந்துவிட்டார். தபாற்கந்தோர் பூட்டுமுன் அனுப்பவேண்டும் என்று பிரதிக் கட்டைத் தூக்கி உறையில் போட்டார். முதல் பக்கத்தைப் பார்க்கவேயில்லை. அவள் அடித்ததை அவர் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

தடுத்திருக்கலாம். வாசலில் நின்று அவர் போவதைப் பார்த்தாள்.

மூன்று கிழமையில் பதிப்பகத்தின் கடிதம் வந்தது. மேலே ‘டாக்டர் சத்தியபாமா அவர்களுக்கு’ என்றிருந்தது. அவள் அதை அரிசி டின்னுக்குள் ஒளித்தாள். பயத்தில் பாதி, இனிப்பில் பாதி. அந்தக் கிழமை அவர் பெயருக்கு ஒரு கடிதமும் வரவில்லை. அடுத்த கிழமையும் இல்லை. மின்சார பில் அவள் பெயருக்கு வந்தது.

ஒரு மாலை அவர் சப்பாத்தைக் கழற்றாமல் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

“இண்டைக்கு என்ர வகுப்புக்கு ஒருத்தரும் வரேல்லை, பாமா.”

“மழைதானே.”

“அறைக் கதவில என்ர பேரையும் காணேல்லை. பெயின்ற் அடிக்கப்போறாங்களாக்கும்.” குரல் பக்கத்து வீட்டு ரேடியோபோல் ஒலித்தது. சொல் கேட்டது, ஆள் பேசுவதுபோல் இல்லை.

மறுநாள் காலை ஹாலோரன் தொலைபேசியில் அழைத்தார். பிராங்கிய வரலாற்றுக்குத் துறையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, எவ்வளவு காலமாகக் காலி என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, உங்கள் பிரதியைப் பதிப்பகத்துக்காக வாசித்துப் பார்த்து அசந்துபோனேன், வரமுடியுமா என்றார்.

“அது என் கணவருடைய இடம் அல்லவா?” அவள் நாக்கு தானாகவே ஆங்கிலத்தில் சொல்லியது.

எதிர்முனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “மன்னிக்க வேண்டும். உங்களுக்குக் கணவர் இருக்கிறாரா?”

அப்போது சொல்லியிருக்கலாம். இரண்டே இரண்டு சொல் போதும். முன்னறைக் கதிரையில் அவர் முதுகு தெரிந்தது. அவர் இவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

“திங்கட்கிழமை வருகிறேன்” என்றாள் சத்தியபாமா.

அந்தப் பங்குனியும் சித்திரையும் அவள் வாழ்வில் ஒருநாளும் அனுபவித்திராத இனிமையோடு கழிந்தன. நாற்பது மாணவர்கள் அவள் வாயைப் பார்த்து எழுதினார்கள். கதவில் அவள் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. வீடு திரும்பினால் அவர் அதே கதிரையில் இருப்பார். அவள் வேண்டுமென்றே அவர் முன் நின்று அன்றைய புகழ்ச்சியையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வாள். சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்பாள். ஒரு சுருக்கம், ஒரு கடுப்பு, பல்லைக் கடிக்கும் சிறு அசைவு. தான் எட்டு வருடம் விழுங்கியதில் ஒரு மிடறாவது அங்கே தெரியவேண்டும் என்று தேடுவாள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். வைக்க மறந்தால் கேட்கமாட்டார். உள்ளங்கையை மேலே பார்க்க விரித்து மடியில் வைத்திருப்பார்.

ரஞ்சினி ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள். டாண்டினோங்கில் இருக்கும் டாக்டரின் மனைவி. யாழ்ப்பாணத்தில் இவர்கள் கலியாணத்தன்று மணப்பெண்ணுக்குத் தோழியாக நின்றவள்.

“பாமாக்கா, எவ்வளவு காலத்துக்குத்தான் தனியச் சமைச்சுத் தனியச் சாப்பிடப்போறியள்? சிட்னியில ஒரு நல்ல இடம் இருக்கு. கதைச்சுப் பாக்கட்டே?”

“ரஞ்சினி, என்ர கலியாணத்துக்கு நீர் வந்தனீர்தானே?”

ரஞ்சினி சிரித்தாள். “எப்ப அக்கா? எனக்குச் சொல்லாமல் எப்ப கட்டினியள்?”

அன்றுதான் பயம் சரியாகப் பிடித்தது.

புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களைத் திருத்துவதற்காக மிச்சச் சாசனங்களை அவள் அப்போது வாசித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பெயர் போன வருடமே ரொட்லிண்டின் குடும்பம் ஓங்கியிருந்தது. மாவரைக்கும் மூன்று நீராலை, ஓர் ஆற்றுத்துறை, ஒரு காடு. தம்பி ரொட்கார் அவற்றிலிருந்து மடத்துக்குத் தானம் செய்யும்போது ‘என் ஆன்மாவுக்காகவும், என் மக்களுக்காகவும், வீட்டில் இருப்பவனுக்காகவும்’ என்று எழுதியிருந்தான். வேலைக்காரன் யாரோ என்று அவள் ஒதுக்கினாள். அவன் மகனின் சாசனம், முப்பது வருடம் பிந்தியது. வீட்டில் இருப்பவனுக்காகவும். பேரனின் சாசனம். வீட்டில் இருப்பவனுக்காகவும். அதற்குள் அந்தக் குடும்பத்துக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. வடகடற் கொள்ளையரின் படகுகள் வந்து நீராலைகளை எரித்தன. கடைசியாக மிஞ்சிய ஒருத்தி, ஹில்ட்லிண்ட், இருந்ததையெல்லாம் மடத்துக்கு எழுதிவைத்துவிட்டு ஒரேயொரு நிபந்தனை போட்டிருந்தாள். பழைய வீட்டின் கதவைக் கல் வைத்து அடைக்கவேண்டும். ஜன்னல் வழியாக நாளுக்கு ஒரு ரொட்டி உள்ளே போடவேண்டும். எடுக்கும் கை நிற்கும்வரை.

அண்ணன் பெயரைச் சுரண்டி நூற்றுப் பத்து வருடம் கழித்து எழுதிய சாசனம் அது.

சத்தியபாமா அட்டையைக் கீழே வைத்தாள். முன்னறையில் கதிரை கிரீச்சிட்டது.

பெயரைத் திரும்ப எழுதிவிட வேண்டும். அவ்வளவுதான். பேனாவை எடுத்தாள்.

என்ன பெயர்?

அவள் அவரை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எந்த மனைவி கூப்பிட்டாள்? இஞ்சாருங்கோ. இவர். வீட்டுக்காரர். எட்டு வருடமாக அந்தப் பெயர் அவள் நாக்கில் ஏறியதே இல்லை. விரல்களுக்கு மட்டும்தான் தெரியும். டைப்ரைட்டரின் முன் உட்கார்ந்து கண்ணை மூடி விரல்களை அவற்றின் போக்கில் விட்டாள். விரல்கள் ஓடின. கண்ணைத் திறந்தாள். சத்தியபாமா. மறுபடி. சத்தியபாமா. சத்தியபாமா.

பெட்டியைக் கவிழ்த்துக் கலியாணப் பதிவை எடுத்தாள். அவள் பெயர் இருந்தது. அவள் தகப்பன் பெயர் இருந்தது. மற்ற இடம் பஞ்சுபோல் பொருமியிருந்தது. தொட்டாள். விரலில் தூசி.

முன்னறைக்குப் போனாள். பகல் வெளிச்சம். வெளியே யாரோ புல் வெட்டினார்கள். அவர் கதிரையில் இருந்தார். பல நாளாக அவள் அவரை நேராகப் பார்த்திருக்கவில்லை. மூக்கும் உதடும் இருந்தன. ஆனால் விளிம்புகள் மங்கி, தோல் சுரண்டிய தாளைப்போல் மெல்லிய மயிர் எழும்பி வெளுத்திருந்தது.

“இஞ்சாருங்கோ.” குனிந்து கேட்டாள். “உங்கட பேர் என்ன?”

அவர் வாயைத் திறந்தார்.

சிர்க். சிர்க். சிர்க்.

அன்றே அவள் அவரைப் பின்னறையில் கொண்டுபோய் விட்டாள். பாரமே இல்லை. கதவைப் பூட்டினாள். காலையில் அவர் கதிரையில் இருந்தார். மறுபடி பூட்டினாள். மறுபடி கதிரை. கடைசியில் விட்டுவிட்டாள். வீட்டை மாற்ற நினைத்து வேறு வீடு பார்க்கப் போனாள். முகவர் கதவைத் திறந்து காட்டிய வெறும் முன்னறையில், ஜன்னலோரம், ஒரு கதிரையை யாரோ முன்பே போட்டிருந்தார்கள். அவள் உள்ளே கால் வைக்கவில்லை.

ஆனி மாதம் அவள் பதவி நிரந்தரமானது. வீட்டில் ஒரு மதிய விருந்து வைக்கவேண்டும் என்று துறையில் எல்லோரும் சொன்னார்கள். சாக்குச் சொல்லிப் பார்த்தாள். முடியவில்லை. சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வந்தார்கள். ஹாலோரனும் மனைவியும், இரண்டு விரிவுரையாளர்கள், ரஞ்சினியும் டாக்டரும். வெளியே குளிர் ஈரமாக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் தடித்த கம்பளிக் கோட்டில் வந்திருந்தார்கள்.

“கோட்டை எங்கே வைக்க?” என்றாள் மிசிஸ் ஹாலோரன்.

சத்தியபாமா வாயைத் திறப்பதற்குள், அவள் தன் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். அவர் மேல். முகத்தின் மேல். மற்றவர்களும் போட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு கோட். ஈரக் கம்பளி மணம் அறையில் பரவியது.

கோட்டுக் குவியல் மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது.

“சத்தியபாமா இல்லாவிட்டால் எங்கள் துறையே இல்லை” என்றார் ஹாலோரன், கோப்பையை உயர்த்தி. எல்லோரும் கை தட்டினார்கள். வாழ்நாள் முழுவதும் அவள் கேட்க ஏங்கிய சொல். கேட்டது. உள்ளே ஒன்றும் நிறையவில்லை. அவள் கண் குவியலை விட்டு நகரவில்லை. அவர் முகம் தெரிந்தால் போதும். கொஞ்சம் பொறாமைப்பட்டால் போதும். யாராவது ஓர் ஆள், அவளைத் தெரிந்த ஓர் ஆள்.

உயர்ந்தது. தாழ்ந்தது.

“ஹீட்டர் அந்தப் பக்கமா?” மிசிஸ் ஹாலோரன் குவியலை அமுக்கிப் பார்த்தாள். “கோட்டெல்லாம் இதமாகச் சூடாயிருக்கிறதே!”

சத்தியபாமா சிரித்தாள். சிரிப்பு வந்தது. நிறுத்தத் தெரியவில்லை.

“பாமாக்கா, கட்லற் நல்லாயிருக்கு. என்ன போட்டனீங்கள்?” ரஞ்சினி பேசிக்கொண்டே கதிரைப் பக்கம் வந்தாள். கையில் குடித்து முடித்த கிளாஸ். வைக்க இடம் தேடினாள்.

கோட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது.

வெளுத்த கை. ரேகை இல்லை. நகம் இல்லை. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்தது.

ரஞ்சினி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, டாக்டரிடம் ஏதோ சொல்லிக்கொண்டே, கிளாஸை அந்த உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

கை ஆடவில்லை. கிளாஸ் நின்றது.

ஹாலோரன் வந்தார். அவர் கையிலும் வெறும் கிளாஸ். சுற்றுமுற்றும் பார்த்தார்.

குவியல் சற்றே விலகியது. அவருக்காக, மெல்ல, மற்றக் கையும் வெளியே வந்தது.